பாயாத பாயம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில், மின்னியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக்குழுச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "வேலைவாய்ப்பு பத்தி ஏதாவது பேசுங்க, பசங்களுக்குப் பிரயோசனமா இருக்கும்" என்றார். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் டிரான்ஸ்பார்மர்களோடும் பேனல் போர்டுகளோடும் காலம் தள்ளுகிறவன். ஆகவே, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் வருகிற ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பேச அனுமதி கேட்டேன். காந்தப்பாயம் என்பது அந்தச் சொல். செயலாளர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "இருபது நிமிஷத்துல முடிச்சிருவீங்கள்ல?" என்றார். முயற்சி செய்கிறேன்.

எங்கள் நிறுவனத்தில் பயிற்சிப் பொறியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் சில ஆண்டுகளாக நானும் உட்காருகிறேன். வருகிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் நமக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும். அவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது.

"காந்தப்பாயம்னா என்ன தம்பி?"

"பி ஏ காஸ் தீட்டா சார்."

"அது சூத்திரம். பாயம்னா என்ன?"

"பரப்பு வழியாப் போற காந்தக் கோடுகளோட எண்ணிக்கை சார்."

"நல்லது. இந்தச் சுருளைக் காந்தத்தோட வாயிலிருந்து வெளியே இழுக்கிறேன். அதையே ரெண்டு மடங்கு வேகமா இழுத்தா, பாயத்துல ஏற்படற மாற்றம் எவ்வளவு?"

"ரெண்டு மடங்கு ஆகும் சார்."

வண்டி தடம் புரளும் இடம் இதுதான். மெதுவாக இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் முதலில் சுருளுக்குள் இருந்த பாயம் ஒன்றே, கடைசியில் இருப்பதும் ஒன்றே. மாற்றமும் ஒன்றேதான். இரண்டு மடங்காவது மின்னியக்கு விசை. ஒன்று இருப்பு, மற்றொன்று அந்த இருப்பு மாறுகிற வேகம். மொட்டை மாடித் தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்பதும், குழாயில் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் கொட்டுகிறது என்பதும் வேறு வேறு என்று எந்த வீட்டு அம்மாவுக்கும் தெரியும். காந்தம் என்று வந்துவிட்டால் மட்டும் நாம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

குழப்பத்திற்குப் பாதிக் காரணம் அந்தச் சொல்லே என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் அதற்கு இருக்கும் சொல் லத்தீனிலிருந்து வந்தது. ஓடுதல், ஒழுகுதல் என்று பொருள். நம்மவர்களும் அதற்கேற்பப் பாயம் என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். பாய்வது பாயம். ஆனால் காந்தப்பாயத்தில் எதுவும் பாய்வதில்லை. மேசை மேல் சும்மா கிடக்கிற ஒரு காந்தத்தின் முன்னால் சும்மா கிடக்கிற ஒரு வளையத்தின் வழியே பாயம் உண்டு. அங்கே எந்தப் பொருளும் ஒரு முனையிலிருந்து கிளம்பி இன்னொரு முனைக்குப் போய்ச் சேரவில்லை. வளையத்தின் வாயை எவ்வளவு காந்தப்புலம் நிறைத்திருக்கிறது என்கிற கணக்கு அது, அவ்வளவுதான். பெயரை மாற்றச் சொல்லி மனுக் கொடுக்க நான் வரவில்லை. பாயாத பாயம் என்று ஒருமுறை மனதில் குறித்துக்கொண்டால் போதும்.

அடுத்தது பரப்பு. சூத்திரத்தில் ஏ என்று எழுதிவிடுகிறோம். எதன் பரப்பு? கம்பியின் பரப்பா, காந்த முனையின் பரப்பா? கேட்டுப் பாருங்கள், பலர் விழிப்பார்கள். கம்பி வளையத்தை விளிம்பாகக் கொண்ட பரப்பு அது. கோணிப்பையின் வாய் மாதிரி என்று நான் சொல்வது வழக்கம். வாயைத் தட்டையான மூடியால் அடைத்தால் அந்த மூடி வழியே எவ்வளவு பாயமோ, தொங்குகிற பையின் துணி முழுவதன் வழியேயும் அதே அளவுதான். வாய் வழியே நுழைந்த ஒரு காந்தக் கோடு பைக்குள்ளேயே தங்கிவிட முடியாது, எங்கேயாவது துணியைக் கடந்து வெளியே வந்தாக வேண்டும். காந்தக் கோட்டுக்கு ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. காந்தத்தை எத்தனை துண்டாக உடைத்தாலும் தனி வடக்கு, தனித் தெற்கு கிடைக்காது என்று படித்தோமே, அந்தச் செய்தியும் இந்தச் செய்தியும் ஒன்றேதான். ஆகவே பரப்பின் வடிவம் நம் வசதி. விளிம்புதான் முக்கியம்.

தீட்டா பற்றியும் ஒரு வார்த்தை. கோணத்தை வளையத்தின் தளத்திலிருந்து அளப்பதா, தளத்திற்குச் செங்குத்தாக நிற்கும் கோட்டிலிருந்து அளப்பதா என்பதில் பரீட்சை அறையிலே சறுக்குகிறவர்கள் அதிகம். செங்குத்துக் கோட்டிலிருந்துதான். சன்னல் சட்டத்தைச் சாரலுக்கு நேர்முகமாகப் பிடித்தால் அதிகம் உள்ளே வரும், பக்கவாட்டில் திருப்பினால் ஒன்றும் வராது. கோணம் பிடிபட இந்தப் படம் ஒன்றே போதும். அதோடு அந்தச் சாரலை மறந்துவிடுங்கள், ஏனென்றால் அது பாய்கிற சங்கதி.

இதற்கு நம்ம ஊருக்கே உரிய ஒரு உதாரணம் இருக்கிறது. பூமியின் காந்தப்புலம் லண்டன் பக்கம் தரையைச் செங்குத்தாகக் குத்துவதுபோல் சரிந்து இறங்குகிறது. தென் தமிழ்நாட்டிலோ அது ஏறக்குறைய தரைக்கு இணையாகவே வடக்கு நோக்கிப் போகிறது, ஏனென்றால் காந்த நடுக்கோடு நமக்கு மிக அருகில் இருக்கிறது. தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்து 1963 நவம்பரில் முதல் ராக்கெட்டை விட்டார்களே, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம். நம் பக்கத்தில் புலத்தின் அளவு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஒரு சதுர மீட்டர் வளையத்தைத் திருநெல்வேலி வீட்டுத் தரையில் படுக்கப் போட்டால் அதன் வழியே பாயம் கிட்டத்தட்டப் பூஜ்யம். அதையே எடுத்து, முகம் வடக்கைப் பார்க்கும்படி நிமிர்த்தி நிறுத்துங்கள், 40 மைக்ரோவெபர். லண்டனில் படுக்கப் போட்டாலே நிறையப் பாயம் கிடைக்கும். வெளிநாட்டுப் புத்தகத்துக் கணக்கை அப்படியே எடுத்துப் போடும்போது இதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

இனி லண்டனுக்கே போவோம். மைக்கேல் ஃபாரடே கொல்லர் வீட்டுப் பிள்ளை, புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகியவர். கணக்கு அதிகம் படிக்காதவர். மின்னோட்டம் காந்தத்தை உண்டாக்கும் என்று ஓர்ஸ்டெட் 1820-இல் காட்டிவிட்டார். அப்படியானால் காந்தம் மின்னோட்டத்தை உண்டாக்க வேண்டுமே என்று ஐரோப்பா முழுவதும் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜெனிவாவில் கொலடோன் என்பவர் 1825-இல் ஒரு பெரிய சுருளும் பலமான காந்தமும் வைத்துச் சோதனை செய்தார். காந்தம் தன் கால்வனாமீட்டரின் முள்ளை நேரடியாகப் பாதித்துவிடக் கூடாது என்று, நல்ல எச்சரிக்கையோடு, மீட்டரைப் பக்கத்து அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளுக்குள் செருகிவிட்டு நடந்து போய் மீட்டரைப் பார்ப்பார். முள் பூஜ்யத்தில் நிற்கும். அவர் கதவைத் தாண்டிப் போவதற்குள் முள் ஆடி ஓய்ந்துவிடும். உதவிக்கு ஒரு பையன் இருந்திருந்தால் இன்று நாம் கொலடோன் விதி என்று படித்துக்கொண்டிருப்போம்.

ஃபாரடேக்கு 1831 ஆகஸ்ட் 29 அன்று அது பிடிபட்டது. ஆறு அங்குல விட்டமுள்ள ஒரு இரும்பு வளையம். ஒரு பக்கம் ஒரு சுருள், எதிர்ப்பக்கம் இன்னொரு சுருள். முதல் சுருளை மின்கலத்தோடு சேர்த்தபோது இரண்டாவது பக்கத்தில் முள் ஒரு துள்ளுத் துள்ளி அடங்கிவிட்டது. மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது, முள் அசையவில்லை. இணைப்பை எடுத்தபோது எதிர்த்திசையில் ஒரு துள்ளல். நம் டிரான்ஸ்பார்மரின் கொள்ளுத் தாத்தா அந்த வளையம்தான். பாயம் இருப்பதற்குப் பலன் இல்லை, பாயம் மாறுவதற்குத்தான் பலன் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் இருபது ஆண்டு கழித்து 1851-இல் செய்த வேலை. காந்தத்தின் பக்கத்தில் கம்பியை நகர்த்தி, கால்வனாமீட்டர் வழியே மொத்தம் எவ்வளவு மின்னூட்டம் போயிற்று என்று பார்த்தார். வேகமாக நகர்த்தினாலும் மெதுவாக நகர்த்தினாலும் மொத்தம் மாறவில்லை. எத்தனை காந்தக் கோடுகளைக் கம்பி கடந்தது என்பதை மட்டுமே அது பொறுத்திருந்தது. கோடு என்பது வெறும் கற்பனைப் படம் இல்லை, எண்ணி அளக்கக்கூடிய ஒன்று என்று காட்டியவர் அந்தக் கணக்குத் தெரியாத மனிதர்.

இதை எண்களில் பார்ப்போம். 100 சுற்று, 10 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு சுருள். 0.1 டெஸ்லா புலத்தில் நேர்முகமாக வைத்திருக்கிறோம். ஒரு சுற்று வழியே பாயம் 0.0001 வெபர். 100 சுற்றுக்கும் சேர்த்து 0.01. இதை ஒரு வினாடியில் நிதானமாக வெளியே எடுத்தால் சராசரி 0.01 வோல்ட். பத்தில் ஒரு வினாடியில் வெடுக்கென்று பிடுங்கினால் 0.1 வோல்ட். இரண்டிலும் வோல்ட்டை நேரத்தால் பெருக்குங்கள். 0.01 வோல்ட் வினாடி, இரண்டிலும். வெபர் என்றால் வோல்ட் வினாடி. இந்த ஒரு வரியை எனக்குப் பிளஸ் டூவில் யாராவது சொல்லியிருந்தால் நான் இரண்டு வருஷம் முன்னதாகவே சந்தோஷப்பட்டிருப்பேன்.

சுழலும் ஜெனரேட்டர் கணக்கில் பிள்ளைகளுக்கு வருகிற பெரிய சந்தேகமும் இதில் தீர்ந்துவிடும். சுருள் புலத்திற்கு நேர்முகமாக நிற்கும்போது பாயம் உச்சம், அப்போது மின்னியக்கு விசை ஏன் பூஜ்யம் என்பார்கள். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சிக்குப் போகும்போது உயரம் அதிகம், அந்தக் கணத்தில் வேகம் பூஜ்யம். கீழே வரும்போது உயரம் இல்லை, வேகம் அதிகம். பாயம் எந்தக் கணத்தில் பூஜ்யத்தைக் கடக்கிறதோ அந்தக் கணத்தில்தான் வோல்ட் உச்சத்தில் இருக்கும்.

சரி, இப்போது என் சோற்றுக்கு வழி செய்யும் டிரான்ஸ்பார்மருக்கு வருகிறேன். "லோடு ஏற ஏற உள்ளே பாயம் அதிகமாகும் இல்லையா சார்?" என்று கேட்காத மாணவர் குறைவு. இல்லை. பாயத்தை நிர்ணயிப்பது நாம் கொடுக்கும் வோல்ட்டும் அதிர்வெண்ணும். இரும்பின் குறுக்குப் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர், உச்சப் புலம் 1.5 டெஸ்லா என்று வைத்தால், உச்சப் பாயம் 3 மில்லிவெபர். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 4.44 பெருக்கல் 50 பெருக்கல் 0.003, அதாவது 0.67 வோல்ட். 230 வோல்ட்டுக்குச் சுமார் 345 சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கில் லோடு என்ற சொல் எங்கேயாவது வந்ததா? இரண்டாம் சுருளில் ஓடுகிற மின்னோட்டம் பாயத்தைக் குறைக்கப் பார்க்கும். உடனே முதல் சுருள் அதை ஈடுகட்டும் அளவுக்குக் கூடுதல் மின்னோட்டத்தை வாங்கிக்கொள்ளும். 1834-இல் லென்ஸ் சொன்ன விதி இரும்புக்குள் உட்கார்ந்து பஞ்சாயத்து செய்துகொண்டே இருக்கிறது. பாயம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும்.

இங்கே அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு செய்தி. அங்கிருந்து வாங்கி வரும் பழைய டிரான்ஸ்பார்மர் வைத்த சாமான்களை, 110 வோல்ட் கன்வெர்ட்டர் போட்டு இங்கே ஓட்டினாலும் கொதிக்கிறது என்பார்களே, ஏன் என்று யோசித்தீர்களா? வோல்ட் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்தது. 50 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு அரைச் சுற்றும் நீளம், அதனால் வோல்ட் வினாடி 20 சதவீதம் கூடுதல், இரும்புக்குள் பாயமும் 20 சதவீதம் கூடுதல். இரும்பு தெவிட்டிப்போகிறது. இப்போதைய மடிக்கணினிச் சார்ஜர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

சுவிட்சைப் போட்டதும் பெரிய டிரான்ஸ்பார்மர் ஒரு உறுமல் உறுமிவிட்டு அடங்குவதைத் தெருமுனையில் கேட்டிருப்பீர்கள். அதுவும் இதே கதைதான். வோல்ட் அலை பூஜ்யத்தில் இருக்கும் கணத்தில் போட்டால் ஆபத்து இல்லை என்று நமக்குத் தோன்றும். நடப்பது தலைகீழ். பூஜ்யத்தில் தொடங்கினால் முதல் அரைச் சுற்றின் வோல்ட் வினாடி முழுவதும் ஒரே திசையில் சேர்ந்து, பாயம் வழக்கமான உச்சத்தைப்போல இரண்டு மடங்குக்கு ஏறும். முன்பு அணைத்தபோது இரும்பில் மிச்சமிருந்த பாயமும் அதே திசையில் இருந்துவிட்டால் இன்னும் மேலே. இரும்பு அவ்வளவு தாங்காது, மின்னோட்டம் சில கணங்களுக்கு முழுச் சுமை அளவைப்போலப் பல மடங்கு எகிறும். வோல்ட் உச்சத்தில் இருக்கும்போது போட்டால்தான், மிச்சப் பாயம் இல்லாத பட்சத்தில், சாதுவாகக் கிளம்பும்.

இவ்வளவு நேரம் சுவாரசியத்துக்காகச் சொன்னேன். இனிச் சொல்லப்போவது ஒரு பையனின் கையைப் பற்றியது.

பேனல் போர்டில் அம்மீட்டர் இருக்கிறது. 400 ஆம்பியர் ஓடும் பஸ்பாரை நேராக அம்மீட்டருக்குள் விட முடியாது. அதற்காக ஒரு சி.டி. போடுகிறோம். வளையமான இரும்பு, நடுவே பஸ்பார், அதுதான் ஒற்றைச் சுற்று முதல் சுருள். வளையத்தின் மேல் 80 சுற்று இரண்டாம் சுருள். பஸ்பாரில் 400 ஓடினால் மீட்டரில் 5 ஓடும். ஐந்து எண்பது நானூறு. இரண்டும் எதிரும் புதிருமாக நின்று ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இரும்புக்குள் மிஞ்சும் பாயம் மிகச் சொற்பம்.

ஒரு ஆலை. பெயர் வேண்டாம். அங்கே ஒரு பேனலில் அம்மீட்டர் பழுது. டிப்ளமோ முடித்து வந்த பையன், இருபத்திரண்டு வயது இருக்கும், அதை மாற்றப் போனான். லைன் ஓடிக்கொண்டிருக்கிறது. உற்பத்தியை நிறுத்த முடியாது என்று மேலேயிருந்து உத்தரவு. பேனல் கதவிலே மண்டையோடு போட்டு, சி.டி. இரண்டாம் பக்கத்தைத் திறக்காதே என்று எழுதியிருந்தது. அவன் மல்டிமீட்டரை எடுத்து அம்மீட்டரின் இரண்டு முனைகளுக்கு இடையே வோல்ட் பார்த்தான். அரை வோல்ட்கூட இல்லை. ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒயரை வெளியே இழுத்தான்.

நான் வேறொரு வேலையாக மறுநாள் அந்த ஆலைக்குப் போயிருந்தேன். டெர்மினல் கட்டை கருகிக் கிடந்தது. பையன் ஸ்டூலிலிருந்து பின்னால் தூக்கி எறியப்பட்டிருந்தான். வலது கையில் மூன்று விரல் வெந்துவிட்டது. உயிர் போகாதது அவன் அம்மா செய்த புண்ணியம். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, "போர்டைப் படிக்கலையா தம்பி?" என்று கேட்டேன்.

"படிச்சேன் சார். ஆனா ஓல்டேஜும் பார்த்தேனே. அரை ஓல்ட் என்ன பண்ணிடும்னு நினைச்சேன்."

அவன் கவனக்குறைவான பையன் இல்லை. அளந்து பார்த்துவிட்டுத்தான் தொட்டிருக்கிறான். எனக்கு அந்த இடத்தில் கோபம் வந்தது அவன் மேல் அல்ல. விதியைச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும், காரணத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். படித்த காலத்தில் அவனுக்கும் சி.டி. பற்றி ஒரு கேள்வி வந்திருக்கும், திறக்கக் கூடாது என்று எழுதி இரண்டு மதிப்பெண்ணும் வாங்கியிருப்பான்.

ஒரு நோட்டுத் தாளை எடுத்துப் படுக்கை மேலேயே வைத்துப் படம் போட்டேன். சாதாரண டிரான்ஸ்பார்மரில் இரண்டாம் பக்கத்தைத் திறந்தால் முதல் பக்க மின்னோட்டம் தானாகக் குறைந்துவிடும். சி.டி.யில் குறையாது, ஏனென்றால் பஸ்பாரில் 400 ஆம்பியர் ஓடுவது ஆலையின் மோட்டார்களுக்காக. நம் மீட்டரைக் கேட்டுக்கொண்டு அது ஓடவில்லை. எதிர்த்து நின்ற 80 சுற்றையும் நீ கழற்றிவிட்டாய். இப்போது 400 ஆம்பியரும் இரும்பைக் காந்தமாக்குகிற வேலையில் இறங்குகிறது. முன்பு 0.06 டெஸ்லா அளவில் தூங்கிக்கொண்டிருந்த இரும்பு 1.8 டெஸ்லாவுக்கு, தெவிட்டும் எல்லைக்கே போய் முட்டுகிறது. மின்னோட்டம் திசை மாறும்போது அங்கிருந்து எதிர்ப்பக்கத்து எல்லைக்குத் தாவுகிறது. இரும்பின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்றால், மொத்த மாற்றம் 3.6 மில்லிவெபர். 80 சுற்றுக்கு 0.288 வோல்ட் வினாடி. அந்தத் தாவல் ஒரு மில்லி வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் நடந்துவிடுகிறது என்று உத்தேசமாக வைத்தாலே சராசரி 860 வோல்ட். கூர்முனை அதைவிட உயரம். பெரிய சி.டி.களில் பல ஆயிரம் வோல்ட். அதுவும் ஒரு தடவை இல்லை, வினாடிக்கு நூறு தடவை.

பையன் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அப்ப அந்த அரை ஓல்ட் இருந்ததே, அந்த ஒயர் மூடியிருந்ததாலதானா சார்?"

அதேதான். மீட்டரில் அவன் அளந்த அரை வோல்ட் சுற்று மூடியிருந்ததால் கிடைத்த பலன். எதை நம்பித் திறந்தானோ, அது திறந்த கணத்தில் இல்லாமல் போயிற்று. டெர்மினல் கட்டையில் ஷார்ட்டிங் லிங்க் என்று ஒரு தகடு உண்டு. முதலில் அதைப் போட்டு இரண்டாம் சுருளைக் குறுக்கிணைத்துவிட்டு, மீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டி, கடைசியில் லிங்க்கை எடுக்க வேண்டும். அதையும் படத்தில் குறித்துக் காட்டினேன். இப்போது அவன் அதே வேலையில்தான் இருக்கிறான். புதிதாக வருகிற பையன்களுக்கு அவனே இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுகிறான் என்று அந்த ஆலையிலிருந்து வந்த நண்பர் சொன்னார்.

சி.டி. பார்க்காத முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பாட்டி வீட்டில் இன்னும் பழைய ட்யூப் லைட் ஓடினால், சோக், ஸ்டார்ட்டர் என்று இரண்டு உருப்படி அதில் இருக்கும். ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் தகடு வளைந்து திறக்கும்போது சோக்கில் தேங்கியிருந்த பாயம் கண நேரத்தில் சரிகிறது. வோல்ட் வினாடி அதேதான். வினாடியைச் சுருக்கிவிட்டதால் வோல்ட் பல நூறுக்கு எகிறி விளக்கைக் கொளுத்துகிறது. தாமதமாகப் புரிந்துகொள்கிறவனை நாம் ட்யூப் லைட் என்று கேலி செய்கிறோம். உண்மையில் அந்த விளக்கு செய்கிற காரியம் மிகவும் சாமர்த்தியமானது.

இன்னொன்று. கம்பி கோடுகளை வெட்டினால் வோல்ட் வரும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். நகரும் கம்பிக்கு அது சரி. டிரான்ஸ்பார்மரில் கம்பியும் நகரவில்லை, இரும்பும் நகரவில்லை. இரும்புக்கு வெளியே கம்பி இருக்கிற இடத்தில் காந்தப்புலம் ஏறக்குறைய இல்லவே இல்லை. பின் எதை வெட்டியது? மாறுகிற பாயம் தன்னைச் சுற்றி வட்டமாக ஒரு மின்புலத்தை எழுப்புகிறது, வெற்று வெளியிலும்கூட. கம்பி அங்கே போய் நின்று அதைத் திரட்டிக் கொடுக்கிறது, அவ்வளவே. மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தங்கி யோசிக்க ஆசிரியப் பெருமக்கள் ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்கினால், பாடத்திட்டம் முடியவில்லையே என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள்.

நாங்கள் படித்தபோது நம் இயற்பியல் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாலிஸ்டிக் கால்வனாமீட்டர் இருந்தது. ஒரு விளக்கு, ஒரு அளவுகோல், நடுவே ஆடும் ஒரு ஒளிப்புள்ளி. யாராவது தும்மினால்கூடப் புள்ளி ஆடும். பரிசோதனைக் கூட உதவியாளர் அண்ணன் அதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வார். தேடுசுருளைக் காந்தத்திலிருந்து இழுத்தால் புள்ளி ஓடும் தூரம் மொத்த மின்னூட்டத்தைக் காட்டும். ஃபாரடே 1851-இல் பார்த்ததை நாங்களும் அந்த அரை இருட்டில் பார்த்தோம். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குகிற அவசரத்தில், என்ன பார்த்தோம் என்று எங்களில் பலருக்கு உறைக்கவில்லை. அந்தக் கருவி இப்போது ஓய்வு பெற்றுவிட்டது என்று காலையில் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஆண்டு நண்பர்கள் சேர்ந்து கூடத்துக்குப் பன்னிரண்டு தேடுசுருள்களும், வோல்ட்டையும் நேரத்தையும் திரையில் வரைந்து காட்டும் இரண்டு டிஜிட்டல் அலைகாட்டிகளும் வாங்கிக் கொடுக்கிறோம். முதல்வர் அவர்கள் அன்போடு ஏற்றுக்கொண்டார்கள். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தோம்: கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது. உடைந்தால் உடையட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம். மெதுவாக இழுத்தால் திரையில் தாழ்ந்து அகன்ற ஒரு மேடு வரும், வெடுக்கென்று இழுத்தால் ஒடுங்கி உயர்ந்த ஒரு கோபுரம் வரும். இரண்டுக்கும் கீழே உள்ள பரப்பைக் கட்டம் எண்ணிப் பாருங்கள்.

அவற்றில் ஒரு சுருளையும் ஒரு அலைகாட்டியையும் இந்த மேடைக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தமும் இருக்கிறது. சாப்பாட்டுப் பந்தி தொடங்க இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். மாணவர்கள் முதலில் வாருங்கள். அண்ணன்மார்கள் வரிசையில் பின்னால் நிற்கலாம்.